காடு பார்க்கக் கிளம்பும் முன்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

முழுப் பரீட்சை முடிந்ததும் தேவகோட்டையில் வேனுக்கும் இன்னோவாவுக்கும் கிராக்கி வந்துவிடும். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் வந்திறங்கியதும், ஆச்சி முதல் பேரன் வரை ஒரே வண்டியில் பத்து நாள் சுற்றிவரத் திட்டம் உருவாகும். கோயில்கள் மட்டுமே இருந்த அந்தப் பட்டியலில் இப்போது தேக்கடி, முதுமலை, இரவிகுளம், பந்திப்பூர் என்று காடுகளும் சேர்ந்திருக்கின்றன. இது மனதுக்கு நிறைவான மாற்றம். ஆனால் பட்டியல் போடும்போது நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகள், நானூறு கிலோமீட்டர் ஓட்டிப்போன குடும்பத்தைச் சோதனைச்சாவடியிலிருந்து திருப்பி அனுப்பிவிடுகின்றன.

நம்பிக்கை: தேசியப் பூங்காதான் உசத்தி, சரணாலயம் அதற்கு அடுத்தபடி.

இரண்டுமே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. தேசியப் பூங்காவில் மேய்ச்சல் போன்ற மக்களின் உரிமைகளுக்கு இடமில்லை. சரணாலயத்தில் சிலவற்றை அனுமதிக்கலாம். வேறுபாடு பாதுகாப்பின் கடுமையில் இருக்கிறது. பார்வையாளருக்குக் கிடைக்கும் காட்சியோடு அதற்குச் சம்பந்தமில்லை.

தமிழ்நாட்டில் ஐந்து தேசியப் பூங்காக்கள் உண்டு. கிண்டி, சென்னை நகரத்துக்குள் இருக்கும் 2.7 சதுர கிலோமீட்டர் காடு. முக்குருத்தி, வரையாட்டுக்காகவும் நீலகிரிப் புல்வெளிக்காகவும் ஒதுக்கப்பட்ட 78 சதுர கிலோமீட்டர்; காரில் போய் இறங்கிச் சுற்றும் இடம் அன்று. மன்னார் வளைகுடா கடலுக்குள் இருக்கிறது. ஆக, வண்டியில் போகும் குடும்பத்துக்கு மிஞ்சுவது ஆனைமலையும் முதுமலையும்தான். பெயரை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டால் பாதிப் பயணம் வீணாகும்.

நம்பிக்கை: நம் பக்கம் வறண்ட பூமி, பார்க்க ஒன்றுமில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் நம்பிக்கை இது. மேலே சொன்ன ஐந்தில் தேவகோட்டைக்கு மிக அருகில் இருப்பது மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. 1986இல் அறிவிக்கப்பட்டது, 560 சதுர கிலோமீட்டர். ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள், கடற்புல் வெளிகள். அந்த 21இல் இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டியெடுத்ததும் அதற்கு ஒரு காரணம். நம்மூரிலிருந்து மண்டபம் சுமார் நூறு கிலோமீட்டர். தீவுகளில் இஷ்டம்போல் இறங்க முடியாது. வனத்துறையிடம் கேட்டு, அனுமதித்த இடத்துக்கு, அனுமதித்த படகில்தான் போக வேண்டும்.

அதைவிடப் பக்கத்தில், தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில், ஊர்மக்களோடு சேர்ந்து வனத்துறை அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி நடத்துகிறது. காரங்காட்டை ஒட்டிய பாக் விரிகுடாவில்தான், வடக்கே தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலை ஒட்டி, நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகம் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2022இல் அமைந்தது. நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் அந்தக் கடற்பசுவைக் கண்ணால் காண்பது அரிது. அது வாழும் கடல் நம் வாசலில் இருக்கிறது என்பதையாவது பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

மதுரைக்குத் திருப்பத்தூர் வழியாகப் போகிறவர்கள் வேட்டங்குடியில் ஒரு காலைப்பொழுது நிற்கலாம். 1977 முதல் அது பறவைகள் சரணாலயம். மூன்று கண்மாய்கள், நாற்பது ஹெக்டேருக்கும் குறைவான பரப்பு. மழை நன்றாகப் பெய்த வருடம், கார்த்திகை முதல் மாசி வரை போனால் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், இராக்கொக்கு எல்லாம் கருவை மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கும். பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகச் சுற்றியுள்ள கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி மக்கள் பல வருடங்களாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எந்தப் பெரிய பூங்காவிலும் இதற்கு நிகரான ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

நம்பிக்கை: புலிகள் காப்பகத்துக்குப் போனால் புலியைப் பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டில் 2006இல் 76ஆக மதிப்பிடப்பட்ட புலிகள் 2022 கணக்கெடுப்பில் 306 ஆகியிருக்கின்றன. பெருமைப்பட வேண்டிய வளர்ச்சி. ஆனாலும் ஐந்து காப்பகங்களிலும் அவற்றுக்கு வெளியேயும் பரவிக்கிடக்கும் அடர்காட்டில் ஒன்றரை மணி நேரச் சவாரியில் ஒரு புலி குறுக்கே வருவது நல்வாய்ப்பு, அவ்வளவே. யானை, காட்டுமாடு, புள்ளிமான், மலை அணில், இருவாச்சி என்று பார்க்கப் போனவர் வெறுங்கையோடு திரும்புவது அபூர்வம். புலி ஒன்றையே எதிர்பார்த்துப் போன பிள்ளை கண்முன் நின்ற காட்டுமாட்டைக் கவனிப்பதேயில்லை.

நம்பிக்கை: சொந்த வண்டி இருந்தால் காட்டுக்குள் சுற்றலாம்.

முடியாது. முதுமலையிலும் ஆனைமலையின் டாப்சிலிப்பிலும் உள்ளே அழைத்துப் போவது வனத்துறை வண்டிதான். நம் கார் பொதுச்சாலையோடு நின்றுவிடும். அந்தச் சாலையிலும் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது.

நம்பிக்கை: இரவோடு இரவாக ஓட்டினால் ஒரு பகல் மிச்சம்.

சமவெளியில் சரி. முதுமலையைக் கடந்து பந்திப்பூர் வழியே மைசூருக்குப் போகும் சாலை இரவு 9 முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும்; 2009 முதல் இதுதான் நடைமுறை. சத்தியமங்கலம் திம்பம் மலைப்பாதையிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உயர்நீதிமன்றம் வரம்பும் வைத்தது. கிளம்புகிற வாரத்தில் நடப்பிலிருக்கும் விதியைப் பார்த்துவிட்டே வண்டி பேசுங்கள்.

நம்பிக்கை: மே மாதம்தான் காட்டுக்கு உகந்தது.

பிள்ளைகளுக்கு லீவு என்பதைத் தவிர மே மாதத்துக்குப் பெரிய தகுதி கிடையாது. அதற்கு முன்பே போகலாம் என்றாலும், மாசி, பங்குனியில் மலைக்காடுகள் காய்ந்து தீப்பிடிக்கும் நிலையில் இருக்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. தீ அபாயம் கூடினால் மலையேற்றமும் சவாரியும் நிறுத்தப்படும். மூணாறு பக்கத்து இரவிகுளம், வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச்சில் பொதுவாக மூடியிருக்கும். தேக்கடி மட்டும் விலக்கு: கோடையில் யானைகள் ஏரிக்கரைக்கு வரும். அந்த ஏரி பெரியாறு அணையால் உண்டானது. நம் மாவட்டத்தின் ஒரு பகுதி வயல்களுக்கு வரும் தண்ணீர் அதுதான் என்று படகில் போகும்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மற்ற காடுகளுக்கு அரைப் பரீட்சை லீவே நல்லது: மழை ஓய்ந்து, மலை பச்சையாக இருக்கும்.

நம்பிக்கை: எத்தனை பூங்கா சேர்க்கிறோமோ அத்தனை லாபம்.

பத்து நாளில் எட்டுப் பூங்கா என்றால் பிள்ளைகள் பார்ப்பது சாலையைத்தான். நான் சொல்வது ஒரே வளையம்: மதுரை, தேனி வழியே குமுளி; அங்கிருந்து ஏலமலை வழியாக மூணாறு; மறையூர், சின்னாறு வழியே உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி; பிறகு டாப்சிலிப், பரம்பிக்குளம்; திரும்பும்போது பழநி. ஒவ்வோர் இடத்திலும் இரண்டு இரவு. பர்மா தேக்குத் தூண்கள் உள்ள வீட்டில் வளர்ந்த நமக்கு, ஏழு மீட்டர் சுற்றளவு தாண்டி இன்றும் நிற்கும் பரம்பிக்குளத்துக் கன்னிமாரா தேக்கு தனியாகச் சொல்லித் தர வேண்டியதில்லாத பாடம். முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே மூன்றையும் இன்னொரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை: காட்டுக்குள்ளேயே விடுதி எடுத்தால் விலங்குகளை நெருக்கத்தில் பார்க்கலாம்.

முதுமலையை ஒட்டிய சீகூர் பீடபூமி யானைகளின் வழித்தடம். அங்கே முளைத்த விடுதிகளுக்கு எதிரான உயர்நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அடுத்த ஜனவரியில் மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த ஆண் யானையின் மீது எரியும் டயரை எறிந்தார்கள். காயம்பட்ட அந்த யானை செத்துப்போனது. தீமூட்டிப் பாட்டுப் போடுகிறோம், இரவில் ஜீப்பில் விலங்கு காட்டுகிறோம் என்று எந்த விடுதி சொன்னாலும் அங்கே முன்பணம் கட்டாதீர்கள். வனத்துறை ஓய்வு இல்லம் கிடைக்காவிட்டால் கூடலூர் மாதிரி ஊர்களில் தங்குவதே முறை.

நம்பிக்கை: குரங்குக்குப் பலகாரம் போட்டால் புண்ணியம்.

கை முறுக்கும் சீடையும் டின்னில் கட்டாமல் நம் வீட்டு ஆச்சிகள் வண்டி ஏற மாட்டார்கள். அது வண்டிக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு. வால்பாறை புதுத்தோட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சோலைமந்திகள் வாழ்கின்றன. மரம் விட்டு மரம் போக வேண்டிய அவை சாலையில் இறங்கி வண்டியில் அடிபட்டதால், சாலைக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் கட்ட வேண்டியதாயிற்று. வண்டிக்காரர் கையிலிருந்து தின்று பழகிய குரங்கு அடுத்த வண்டியையும் தேடி வரும். ஆகவே காட்டுச் சாலையில் கண்ணாடியை ஏற்றியே வையுங்கள். ஒரு முறுக்குத் துண்டைக்கூட வெளியே போடாதீர்கள்.