மடிநோய் மருந்துக்கு மசியாதது ஏன்?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கண்மாய் நிரம்பாத ஆண்டிலும் வீட்டுச் செலவுக்குக் கைகொடுப்பது கறவை மாடுதான். மடிநோய் கண்டால் காம்பு வழியே மருந்து ஏற்றுகிறோம். வீக்கம் வடிகிறது, பாலும் தெளிகிறது. இரண்டு மாதம் கழித்து அதே காம்பில் மறுபடி பால் திரிதிரியாக வருகிறது. மருந்து போலி என்று பலர் சலித்துக்கொள்வதுண்டு. பெரும்பாலும் குற்றம் மருந்தில் இல்லை; கிருமி குடியிருக்கும் விதத்தில் இருக்கிறது.

ஊருணிப் படிக்கல்லில் கால் வழுக்குகிறதல்லவா? குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வழவழப்பு போகாது, தேய்த்தால்தான் போகும். நுண்கிருமிகளும் ஒரு பரப்பில் ஒட்டியதும் சர்க்கரைப் பொருள், புரதம் முதலியவற்றாலான பசையைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழ்கின்றன. இதற்கு உயிரிப்படலம் என்று பெயர். மடிநோய் உண்டாக்கும் ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் இதில் கைதேர்ந்தது. மிதக்கும் கிருமியைக் கொல்லும் அளவைப்போல் 10 முதல் 1000 மடங்கு மருந்தையும் படலத்துக்குள் இருப்பவை தாங்கக்கூடும்.

ஹாலந்து நாட்டு லீவன்ஹூக் 1684-லேயே இதைக் கண்டார். பல்லில் படிந்த அழுக்கில் காடி பட்டபோது வெளிப்புறத்துக் கிருமிகள் மட்டுமே செத்தன. உள்ளே இருந்தவை பிழைத்தன.

பசையை வெறும் மதில் என்று எண்ணிவிடக் கூடாது. சில மருந்துகள் அதன் வழியே எளிதில் போய்விடும். ஜென்டாமைசின் போன்றவை சில கிருமிகளின் பசையிலேயே ஒட்டி வழியில் தங்கிவிடுகின்றன. வேறு சில கிருமிகள் பென்சிலினைச் சிதைக்கும் நொதியைச் சுரப்பதால், மருந்து மேலடுக்கிலேயே அழிகிறது. தப்பி உள்ளே போனாலும் அங்கே உணவும் பிராணவாயுவும் குறைவு. கிருமி வளராமல் முடங்கிக் கிடக்கிறது. வளரும் கிருமி தன் சுவரைக் கட்டும் வேலையைத்தான் பென்சிலின் கெடுக்கும். வேலையே நடக்காத வீட்டில் கொத்தனாரைத் தடுத்து என்ன பயன்? பால் மாதிரியில் செய்யும் மருந்துச் சோதனை பொதுவாக மிதக்கும் கிருமியின் மீது நடப்பது. அதில் "கேட்கும்" என்று வந்த மருந்து மடியில் கேட்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். போதாக்குறைக்கு இக்கிருமி மடித் திசுவுக்குள்ளும் புகுந்துகொள்ளும்.

மடிக்குள் நாரை விட்டுத் தேய்க்க முடியாது. ஆகவே படலம் முற்றுமுன் பிடிக்க வேண்டும். கலிபோர்னியா சோதனைக் கரைசலைச் சம அளவு பாலுடன் சுழற்றினால், வெளியே தெரியாத நோயிலும் பால் கூழாகத் திரளும். வைத்தியத்தை மருத்துவர் சொன்ன நாள் வரை தொடர வேண்டும். மறுநாளே பால் வெளுத்தது என்று நிறுத்துவதுதான் பெருங்கேடு. மருந்துச் சீட்டில் கண்ட நாள்வரை பாலைச் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது. கன்று ஈனுவதற்குச் சுமார் 60 நாள் முன்பு பால் வற்றவிடும்போது, அதற்கென்றே உள்ள மருந்தை மருத்துவர் யோசனைப்படி காம்புகளில் ஏற்றலாம்; அது மடியில் நீண்ட நாள் தங்கி வேலை செய்யும். பலமுறை திரும்பிய மாட்டைக் கடைசியில் கறக்கவும். அதற்கும் அடங்காததைக் கழிப்பதே மற்ற மாடுகளுக்கு நல்லது; சொல்ல மனம் வருவதில்லை.

கறந்ததும் காம்புகளை 0.5 சத அயோடின் கரைசலில் நனைத்து, காம்புத் துளை மூடும்வரை மாடு படுக்காதபடி தீவனம் போடவும்.

பால் கேனிலும் இதே படலம் உண்டு. இங்கே தேய்க்க வழி இருக்கிறது. தேய்க்காமல் பிளீச்சிங் பவுடர் ஊற்றினால், குளோரின் மேற்பசையோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு கேன் கழுவும் சோப்புத்தூள் கலந்த வெந்நீரும் பிரஷ்ஷும், அதன் பிறகே 10 லிட்டருக்கு 7 கிராம் வீதம் கலந்த பிளீச்சிங் தெளிநீர். சில நிமிடம் விட்டு அலசி, வெயிலில் கவிழ்க்கவும். அலுமினியக் கேனுக்குக் காஸ்டிக் சோடா ஆகாது. மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் தேய்க்கவும்; வெடித்திருந்தால் புதிது போடவும்.