பிள்ளை ஒரு முறை சொன்னால் போதும்

மனம் உடைந்த ஒரு மாணவிக்கு உதவ அரசுப் பள்ளியைச் சுற்றி ஆட்கள் இல்லாமல் இல்லை. வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், மாவட்ட மனநலத் திட்ட உளவியலாளர், குழந்தைகள் நலக் குழு என்று பலர் உண்டு. ஆனால் ஒவ்வொருவரிடமும் அவள் முதலிலிருந்து அழுதுகொண்டே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வேதனையை ஆசிரியர்களான நாம்தான் நிறுத்த வேண்டும்.

செய்ய வேண்டியவை

• ஒரு பிள்ளைக்கு ஒரு பொறுப்பாசிரியர். யார் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். வகுப்பாசிரியரிடம் வாய் திறக்காதவள் பி.டி. டீச்சரிடம் எல்லாம் சொல்லலாம்.

• கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள்: “இரண்டு வாரமாக மதியச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு தோழிகளோடு உட்காருவதில்லை. முதல் பீரியடிலேயே தூங்குகிறாள்.” மருத்துவருக்கு இந்த மூன்று வரி பெரிய உதவி. ‘டிப்ரஷன்’ என்று நாமே எழுதிவிடக் கூடாது.

• 14416 (டெலி மானஸ்), 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித்துறை) ஆகியவற்றைச் சுவரில் எழுதினால் மட்டும் போதாது. பிள்ளை பேசும்போது, அவள் விரும்பினால், பக்கத்தில் உட்காருங்கள்.

• மருத்துவமனைக்கு அனுப்பிய பிறகுதான் நம் வேலை கூடுகிறது. அடுத்த ஓ.பி. எந்தக் கிழமை, யார் கூட்டிப்போவார்கள், அம்மாவுக்கு அன்றைய கூலி போகுமா என்று கேளுங்கள். இந்தச் சிக்கல்களாலும் சிகிச்சை பாதியில் நின்றுபோகலாம்.

• பிள்ளை பள்ளிக்குத் திரும்பி வரும் நாளுக்கு முன்பே விடுபட்ட பாடம், ரெக்கார்டு நோட்டு, உட்காரும் இடம் மூன்றையும் பேசி முடித்துவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்யாதீர்கள். பாலியல் கொடுமை தெரிந்தால் போலீசில் தெரிவிப்பது 2012 போக்சோ சட்டப்படி கட்டாயம். தலைமையாசிரியரிடம் சொன்னதோடு கடமை முடிந்துவிடாது. “யாரிடம் சொல்லப்போகிறேன் என்று முதலில் உன்னிடம் சொல்வேன்” என்பதே நாம் காப்பாற்றக்கூடிய வாக்கு.

• வாட்ஸ்அப் குழுவில் பெயரைப் போடாதீர்கள். முதலெழுத்தும் வேண்டாம்.

• “சாகணும்னு தோணுதாம்மா?” என்று கேட்கப் பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. “ஆமாம்” என்றால் ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள், பஸ் ஏற்றித் தனியே அனுப்பாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து, எலிமருந்து, மாத்திரைகளை அன்றே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

• பிரச்சினையே வீட்டில் என்றால், “நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா” என்று சொல்லாதீர்கள். அடி விழும்.

• டி.சி. கொடுத்துக் கைகழுவாதீர்கள்.

• பொதுத்தேர்வு முடிவு வரும் நாளை விடுமுறை என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் பொறுப்பிலுள்ள பிள்ளைக்குக் காலையிலேயே போன் செய்யுங்கள். தவறியிருந்தால், துணைத்தேர்வு உண்டு என்பதைச் சொல்லி, விண்ணப்பிக்க நீங்களே உடன் வருவதாகவும் சொல்லுங்கள்.