குடல் அழற்சியும் அறிதுயில் சிகிச்சையும்

1845-ஆம் ஆண்டில், வங்காளத்தின் ஹூக்ளி நகரில் டாக்டர் ஜேம்ஸ் எஸ்டெய்ல், நோயாளிகளை உறக்கம் போன்ற நிலையில் ஆழ்த்தி, வலி தோன்றாமல் ரண சிகிச்சை செய்ததாக எழுதியுள்ளார். இதனோடு உறவுடையதே ஹிப்னாடிசம் எனப்படும் அறிதுயில்.

மனக்கவலை நரம்புகளின் வாயிலாகக் குடலையும் பாதிக்கின்றது. ஆதலால், பெருங்குடலின் உட்புறத்தில் புண்ணும் இரத்தக் கசிவும் உண்டாக்கும் அழற்சி நோயிலும் இம்முறை ஆராயப்பட்டது. 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நோய் தணிந்திருந்த 54 பேர் இரு பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். அறிதுயில் சிகிச்சை பெற்றோருள் 68 சதவீதத்தினருக்கு ஓராண்டுவரை நோய் மீளவில்லை. மற்றப் பிரிவில் 40 சதவீதத்தினருக்கே அவ்வாறு அமைந்தது.

ஆய்வு சிறிதாகலின் இது முடிந்த முடிபன்று. அறிதுயில் மருந்துக்குத் துணையாகலாம், மாற்றாகாது. மலத்தில் இரத்தம் கண்டவரைத் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதலும், மருந்தைத் தாமாக நிறுத்தாவண்ணம் அறிவுறுத்தலும் களப்பணியாளர், ஆசிரியர் ஆகியோரின் கடமையாகும்.