நினைவுத் தோட்டத்தில் கூடும்போது

'பாக்' என்றால் தோட்டம் என்று பொருள். ஆனால் அமிர்தசரஸ் நகரத்து ஜாலியன்வாலா பாக் 1919-இல் தோட்டமாக இல்லை. வீடுகளின் பின்சுவர்கள் சூழ்ந்த வெறும் திடலாகவே இருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 13, வைசாகித் திருநாள். பொதுக்கூட்டத்துக்கு வந்தவர்களோடு, கூட்டம் கூடத் தடை என்பதையே அறியாத கிராமத்து மக்களும் அங்கு இருந்தனர். ஜெனரல் டயர் ஓர் ஒடுங்கிய சந்து வழியே படையுடன் நுழைந்து, எச்சரிக்கை இன்றிச் சுடச் சொன்னான். சுமார் பத்து நிமிடங்களில் 1,650 குண்டுகள்! இறந்தோர் 379 என்பது அரசின் கணக்கு. காங்கிரஸ் குழுவின் கணக்கோ ஏறத்தாழ 1,000.

இவ்வளவும் நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்ததுதான். பிறகு மக்களிடம் நன்கொடை திரட்டி அந்நிலம் வாங்கப்பட்டது. 1961 ஏப்ரல் 13 அன்று குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் அங்கே சுடர் வடிவ நினைவுத் தூணைத் திறந்து வைத்தார். கூடியதற்காகவே மக்கள் கொல்லப்பட்ட இடத்தில் இன்று மக்கள் கூடி அஞ்சலி செலுத்துகின்றனர். 2019-இல் நூற்றாண்டு நினைவின்போது பிரிட்டிஷ் தூதரும் வந்து மலர்வளையம் வைத்தார்.

2021-இல் இத்தோட்டம் புதுப்பிக்கப்பட்டது. அந்தச் சந்தின் சுவர்களில் சிலைகள் பதிக்கப்பட்டன. ஒலி-ஒளிக் காட்சியும் சேர்ந்தது. வருவோர்க்கு எளிதில் விளங்கும் என்றனர் சிலர். பழைய சுவடு மறைந்ததே என்று வரலாற்றறிஞர் பலர் வருந்தினர். சந்தை வெறுஞ்சுவராகவே விட்டிருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

ஜப்பானின் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் நடப்பதைப் பாருங்கள். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு, 1945-இல் அணுகுண்டு வெடித்த அதே நேரத்தில், மணி ஒலிக்க அனைவரும் ஒரு நிமிடம் மௌனமாக நிற்கின்றனர். பிரதமரும் மேயரும் பேசும் அம்மேடையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் அமைதி உறுதிமொழி படிக்கின்றனர். தோழியரே, நம்மைவிடச் சிறியவர்கள்! மாலையில் ஆற்றில் காகித விளக்குகளை மிதக்க விடுகின்றனர்.

நம் புதுக்கோட்டைப் பக்கம் விழா என்றால் ஒலிபெருக்கியும் பொன்னாடையும் முதலில் வந்துவிடும். நினைவுத் தோட்டத்தில் பொன்னாடை யாருக்கு? நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தியும் பூவுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது, யாரும் சொல்லாமலே நம் குரல் தாழ்ந்துவிடுகிறதல்லவா? அந்த அடக்கத்தோடு நாமும் ஒரு நினைவு நாளைப் பொதுத் தோட்டத்தில் நடத்தலாம். உரை ஒன்றே போதும். ஜாலியன்வாலா பாகில் இந்துக்கள், சீக்கியர், முஸ்லிம்கள் எல்லோருமே இறந்தனர்; ஆகவே எல்லாச் சமயப் பிரார்த்தனையும் இருக்கட்டும். அன்றாடம் காற்று வாங்க வரும் முதியவர்களை பெஞ்சிலிருந்து எழுப்பக் கூடாது. அவர்களும் நம்மோடு அமரட்டும். வாடிய மலர்களை அகற்ற மறுநாள் நாலு பேர் போக வேண்டும். பாடுவோர், பேசுவோர் பட்டியல் எழுதும்போதே அந்த நால்வர் பெயரையும் எழுதிவிடலாம்.