கூடத்திலிருந்து வீட்டிற்கு

நுழையும் முன்

ஒரு கருவிக்கென உருவான விளையாட்டை மற்றொரு கருவிக்கு மாற்றும்போது அது முழுமையாக வந்து சேர்வதில்லை. சில கூறுகள் விடுபடும். சில புதிதாகச் சேரும். எவற்றை விடலாம், எவற்றை விடலாகாது என்று தெளிவதே அப்பணியின் கடினம். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ என்னும் சண்டை விளையாட்டின் வரலாறு இதனை நன்கு விளக்குகிறது.

நாணயம் கேட்ட பெட்டி

ஜப்பானின் ஒசாகா நகரைச் சேர்ந்த கேப்காம் நிறுவனம் 1991ஆம் ஆண்டில் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ விளையாட்டை வெளியிட்டது. அது முதலில் வீடுகளுக்காக உருவாக்கப்பட்டதன்று. ஆர்கேட் எனப்படும் விளையாட்டுக்கூடங்களில், பெரிய பெட்டி ஒன்றினுள் அது பொருத்தப்பட்டிருந்தது. பெட்டியின் முன்புறம் இருவர் அருகருகே நின்று ஆடுவதற்கு இரண்டு கைப்பிடிகள் இருந்தன. ஒவ்வொரு கைப்பிடியின் அருகிலும் 6 பொத்தான்கள் இருந்தன. அவற்றுள் மூன்று குத்துவதற்கு, மூன்று உதைப்பதற்கு. மெல்லிய அடி, நடுத்தர அடி, வலிய அடி என ஒவ்வொன்றும் மூவகைப்படும்.

ஆடுவோர் தேர்ந்தெடுப்பதற்கு 8 வீரர்கள் இருந்தனர். இந்தியாவைச் சேர்ந்தவராகப் படைக்கப்பட்ட தால்சிம் அவர்களுள் ஒருவர். யோகப் பயிற்சியின் வலிமையால் கைகால்களை நெடுந்தொலைவு நீட்டித் தாக்குவது அவரது தனித்திறன்.

நாணயம் இட்டால்தான் ஆட்டம் தொடங்கும். தோற்றவர் தொடர்ந்து ஆட விரும்பினால், திரையில் எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து முடிவதற்குள் மீண்டும் நாணயம் இடவேண்டும். ஒருவர் தனியே ஆடிக்கொண்டிருக்கையில் மற்றொருவர் நாணயம் இட்டு அவரைப் போட்டிக்கு அழைக்கலாம். வென்றவர் நிலைப்பார், தோற்றவர் விலகுவார். ஆட்டம் எவ்வளவு கடுமையாக இருக்கவேண்டும் என்பதைப் பெட்டியின் உரிமையாளர் உள்ளிருக்கும் சிறிய விசைகளைக் கொண்டு அமைப்பார். ஆடுபவருக்கு அதில் பங்கில்லை.

சுருங்கிய இடம்

1992ஆம் ஆண்டில் இவ்விளையாட்டு வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் கருவிக்கு மாற்றப்பட்டது. நின்டெண்டோ நிறுவனத்தின் அக்கருவி ஜப்பானில் சூப்பர் ஃபேமிகாம் என்றும், பிற நாடுகளில் சூப்பர் நின்டெண்டோ என்றும் வழங்கியது.

இம்மாற்றத்தின் முதல் தடை இடமின்மை. கூடத்துப் பெட்டியில் படங்களைச் சேமிப்பதற்கு மட்டுமே 6 மெகாபைட் இடம் இருந்தது. வீட்டுக் கருவியில் செருகும் கேட்ரிட்ஜிலோ படம், இசை, குரல், நிரல் அனைத்திற்கும் சேர்த்து 2 மெகாபைட் இடமே கிடைத்தது. திரையில் தோன்றும் படம் சிறு புள்ளிகளால் ஆனது. கூடத்துப் பெட்டியில் ஒரு வரிசைக்கு 384 புள்ளிகள். வீட்டுக் கருவியில் 256 புள்ளிகள். ஆகவே வீரர்களின் உருவங்கள் சிறியனவாக மீண்டும் வரையப்பட்டன. இடையே வரும் பரிசுச் சுற்றுகளில், உருண்டுவரும் மரப்பீப்பாய்களை உடைக்கும் சுற்று நீக்கப்பட்டது. செங்கற்களை உடைக்கும் சுற்று அதன் இடத்தைப் பெற்றது.

விடலாகாதவை

இவ்வளவு குறைந்தும் அது வேறு விளையாட்டாகிவிடவில்லை. காரணம், 6 பொத்தான்களும் கைவிடப்படவில்லை. சூப்பர் நின்டெண்டோவின் கைக்கருவியில் மேற்பரப்பில் 4 பொத்தான்களும் தோள்பகுதியில் 2 பொத்தான்களும் இருந்தன. குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என அவை சரியாகப் பொருந்தின. ரியூ என்னும் வீரர் ஒளிப்பந்தை எறிவதற்குக் கைப்பிடியைக் கீழே, பின்பு முன்புறச் சாய்வாக, பின்பு முன்னே எனத் தொடர்ச்சியாக நகர்த்திக் குத்துப் பொத்தானை அழுத்தவேண்டும். கூடத்தில் கற்ற அதே அசைவு வீட்டிலும் பலித்தது. கை கற்றது வீணாகவில்லை.

பொத்தான்கள் குறைந்த கருவிகளில் நிலைமை வேறாக இருந்தது. கமடோர் 64 என்னும் வீட்டுக் கணினிக்கும் இவ்விளையாட்டு வந்தது. அக்கணினியின் கைப்பிடியில் வழக்கமாக ஒரே ஒரு பொத்தான்தான் உண்டு. எவ்வகை அடி என்பதைப் பொத்தானால் தெரிவு செய்யும் வாய்ப்பு அங்கே இல்லாமற்போயிற்று. சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கருவியில் 3 பொத்தான்களே இருந்தன. அதற்குரிய பதிப்பு வெளிவந்த 1993ஆம் ஆண்டிலேயே 6 பொத்தான்கள் கொண்ட புதிய கைக்கருவியையும் சேகா வெளியிட்டது. படம் மங்கினால் கண் பொறுத்துக்கொள்ளும். பொத்தான் குறைந்தால் ஆட்டத்தின் இயல்பே மாறிவிடும்.

வீடு தந்தவை

வீட்டிற்கு வந்த விளையாட்டு சிலவற்றைப் புதிதாகவும் பெற்றது. நாணயம் தேவைப்படவில்லை. ஆட்டத்தின் கடுமையை ஆடுபவரே அமைத்துக்கொண்டார். எந்தப் பொத்தான் எந்த அடிக்கு உரியது என்பதையும் அவரே மாற்றிக்கொள்ள முடிந்தது. இருவர் மோதும்போது ஒருவரின் வலிமையைக் கூட்டவும் மற்றவரின் வலிமையைக் குறைக்கவும் வழி இருந்தது. அதனால் நன்கு பழகிய அண்ணனும் அன்றுதான் தொடங்கிய தங்கையும் ஏறத்தாழச் சமமாக ஆட முடிந்தது. கூடத்தின் முதற்பதிப்பில் இருவரும் ஒரே வீரரைத் தேர்ந்தெடுக்க இயலாது. வீட்டுப் பதிப்பிலோ மறைகுறி ஒன்றை உள்ளிட்டால் அதுவும் இயலும்.

ஆயினும் கூடத்தில் இருந்த ஒன்றை எந்தக் கேட்ரிட்ஜிலும் அடைக்க இயலவில்லை. முன்பின் அறியாத ஒருவர் அருகில் வந்து நின்று நாணயம் இடும் அந்தத் தருணமே அது. தோற்றால் இடத்தை இழக்கவேண்டும் என்ற அச்சம் வீட்டில் இல்லை. அச்சம் நீங்கியதால் பழகுவதற்குப் பொழுது கிடைத்தது. அதே காரணத்தால் வெற்றியின் சுவையும் சற்றுக் குறைந்தது.

பெயர்தல்

தமிழில் ‘பெயர்தல்’ என்பதற்கு ஓரிடம் விட்டு நகர்தல் என்று பொருள். மொழிபெயர்ப்பு, இடப்பெயர்ச்சி, புலம்பெயர்தல் ஆகிய சொற்கள் அதன் வழி வந்தவை. ஒரு கதை வேறு மொழிக்குச் செல்லும்போதும், ஒரு குடும்பம் வேறு மாநிலத்திற்குச் செல்லும்போதும், ஒரு விளையாட்டு வேறு கருவிக்குச் செல்லும்போதும் எழும் வினா ஒன்றே: எதை விட்டுச் செல்வது? எதை எவ்வாறேனும் கொண்டு செல்வது? சிறிய கேட்ரிட்ஜில் பீப்பாய்களை விட்டவர்கள் பொத்தான்களை விடவில்லை. பெயர்ந்த பின்னும் அவ்விளையாட்டு தன் பெயருக்கு உரியதாக நிலைத்தது அதனால்தான்.

சொற்பொருள்

கூறு – பகுதி
விசை – இயக்கும் சிறு பொறி
நிரல் – கணினிக்குரிய கட்டளைத் தொகுப்பு
மறைகுறி – மறைவாக வைக்கப்பட்ட குறியீடு
புலம் – இடம், நிலம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கூடத்துப் பெட்டியில் ஆட்டத்தின் கடுமையை அமைத்தவர் யார்? வீட்டில் அமைத்தவர் யார்?
2. வீரர்களின் உருவங்கள் மீண்டும் வரையப்பட்டது ஏன்?

ஆ. பத்தி அளவில் விடை எழுதுக.
1. மரப்பீப்பாய்ச் சுற்றை நீக்கியதையும் பொத்தான்கள் குறைந்ததையும் ஒப்பிடுக. இவற்றுள் பெரிய இழப்பு எது? காரணம் கூறுக.
2. அச்சம் நீங்கியது நன்மையா, இழப்பா? உம் கருத்தை எழுதுக.

இ. பிரித்து எழுதுக.
விளையாட்டுக்கூடம், மரப்பீப்பாய், கைக்கருவி

ஈ. செயல்பாடு
உம் குடும்பம் ஊர்விட்டு வந்தபோது விட்டு வந்த பொருள் ஒன்றையும், விடாமல் கொண்டு வந்த பழக்கம் ஒன்றையும் பெரியோரிடம் கேட்டறிந்து, வகுப்பில் தமிழில் எடுத்துரைக்க.