சதுப்பின் கதையைச் சேற்றில் நின்றவர்களிடம் கேளுங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கின் கடலோரப் பாதி, தண்ணீரை வடித்து எடுத்த நிலம். 1901 செப்டம்பரில் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் திறந்த சில வாரங்களிலேயே மலேரியா அங்கே வேலையாட்களைச் சாய்த்தது. அந்த ஆண்டுதான் கிள்ளானுக்கு வந்திருந்த மருத்துவர் மால்கம் வாட்சனின் யோசனைப்படி காட்டை அழித்து, கான் வெட்டி, தேங்கிய நீரை வடித்த பிறகே ஊரும் துறைமுகமும் தப்பின. அந்தத் துறைமுகம்தான் இன்றைய போர்ட் கிள்ளான். அங்கிருந்து தெற்கே கோல லங்காட் பக்கம் போனால் கம்புட் மண் வருகிறது. இலையும் கிளையும் வேரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீருக்குள் முழுதாக மக்காமல் குவிந்து உண்டான மண் அது.

இந்த நிலங்களில் உழைத்தவர்களின் நினைவுகளைப் பல வருடங்களாகத் திரட்டி வருகிறேன். இதே வேலையில் இறங்க நினைக்கும் இளைஞர்களுக்கு, எனக்குக் கைகொடுத்த சில வழிகளைச் சொல்கிறேன்.

ஆவணத்தில் இல்லாதவரைத் தேடுங்கள்

முதலில் காகிதத்தைப் படித்துவிடுங்கள். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் செயலகக் கோப்புகள் இருக்கின்றன. வாட்சன் 1911-ல் வெளியிட்ட மலேரியா தடுப்பு நூலும் கிடைக்கும். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எத்தனை பேர், செத்தவர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் அவற்றில் தெரிந்துகொள்ளலாம். ஆனால் இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டி பிடித்த தமிழர், சீனர், ஜாவானியரின் குரல் அங்கே இல்லை. படிக்கும்போதே அந்த இடைவெளிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நேரில் போய்க் கேட்க வேண்டிய கேள்விகள் அங்கேதான் கிடைக்கும்.

வேலையைப் பற்றிக் கேளுங்கள்

‘உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள்’ என்று தொடங்கினால் தோட்டத்துப் பெரியவர்கள் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார்கள். “எங்ககிட்ட என்ன தம்பி வரலாறு இருக்கு? பெரட்டுக்குப் போனோம், வேலை செஞ்சோம்” என்பார்கள். அந்தப் பெரட்டிலிருந்தே ஆரம்பியுங்கள். விடியலில் பேர் கூப்பிட்டது யார்? கான் வெட்டுக்கு யாரை அனுப்புவார்கள்? கூலி எப்படிக் கணக்கு? மழைக்காலத்தில் பிள்ளைகளை ஆயாக்கொட்டகைக்கு எந்த வழியாகத் தூக்கிப் போனீர்கள்?

பந்திங் பக்கத்துத் தோட்டமொன்றில் வெளிக்காட்டு வேலை செய்த ஒரு பாட்டி, கான் வெட்டிய கதையில் தொடங்கி மண்ணின் குணத்தையே சொல்லி முடித்தார். “தண்ணிய இறக்குனா மண்ணும் கூடவே இறங்கும் தம்பி. செம்பனை வேரு வெளிய தெரியும், மரம் சாஞ்சு நிக்கும். வீட்டுப் படிக்கும் தரைக்கும் நடுவுல சந்து விழுந்துடும்.” விஞ்ஞானிகள் சொல்வதும் இதைத்தான். நீர் வடிந்த கம்புட் மண்ணுக்குள் காற்று புகும், மண் மக்கிச் சுருங்கும், தரை வருடத்துக்கு வருடம் தாழும். காய்ந்துபோன மண்ணில் தீ பிடித்தால் அது அடியிலேயே கனன்று நகரும். 2005 ஆகஸ்டில் புகைமூட்டத்தால் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டதைப் பலரும் இன்னும் மறக்கவில்லை. அந்த நாள்களில் வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக ஓடும்.

கூடவே நடங்கள்

நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டால் வராத நினைவு, கான்கரையில் நடக்கும்போது வரும். தே-ஓ நிறத்தில் நிற்கும் அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் பெரியவர்கள் மீன் பெயர்களை அடுக்குவார்கள். பழைய லயம் இருந்த இடம், எல்லை முனியாண்டி, சுடுகாடு என்று ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் காட்டுவார்கள். கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களையே தாளில் வரைபடம் வரையச் சொல்லுங்கள். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டால், அந்தத் தாள்தான் மிச்சம்.

அனுமதியை அவசரப்படுத்தாதீர்கள்

இப்பகுதியின் பூர்வகுடிகளான தெமுவான் மக்களின் கிராமங்களில் ஆய்வு செய்ய பூர்வகுடியினர் மேம்பாட்டுத் துறையான ஜாக்கோவாவின் அனுமதி வேண்டும். அதைப் பெற்றாலும் கிராமத் தலைவரான தோக் பாத்தினைப் பார்த்து, எதற்காக வந்திருக்கிறோம், எழுதியதை என்ன செய்வோம் என்று விளக்கி, கிராமத்தார் கூடிப் பேசி முடிவெடுக்கக் காத்திருங்கள். ‘எதை எழுதக் கூடாது?’ என்ற கேள்வியை முதல் நாளே கேட்டுவிடுவது என் வழக்கம். மூலிகை இருக்கும் இடம், முன்னோர் புதைந்த இடம் போன்றவை வெளியாருக்குத் தெரிய வேண்டாம் என்பார்கள். அந்தப் பக்கம் வெற்றாகவே இருக்கட்டும்.

இரண்டு நினைவுகளையும் வைத்திருங்கள்

தோட்டத் தமிழருக்குச் சதுப்பு என்றால் கொசு, காய்ச்சல், கூலி. தெமுவான் மக்களுக்கு அதுவே காடு, மருந்து, பின்னல் நாருக்கான களஞ்சியம், முன்னோரின் வீடு. நாம் பிழைக்க வெட்டிய கான் அவர்களுடைய காட்டை வற்றவைத்தது. இதைச் சொல்ல நமக்கு வலிக்கும், சொல்லித்தான் ஆக வேண்டும். தோட்டம் விற்கப்பட்டபோது நாமும் அதே மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டோம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இரண்டையும் கலந்து ஒரே கதையாக்கினால் இரண்டு தரப்புக்கும் அநியாயம்.

எழுதியதைத் திருப்பிக் கொடுங்கள்

பதிவின் பிரதி, படங்கள், வரைபடம் எல்லாம் முதலில் அந்த மக்களின் கைக்குப் போக வேண்டும். இதை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. டெங்கில் அருகே புக்கிட் தம்போய் தெமுவான் மக்களின் நிலம் 1990-களில் விமான நிலையத்துக்குப் போகும் நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்டது. சாகோங் தாசி வழக்கு என்று அறியப்படும் அவர்களுடைய வழக்கில் உயர் நீதிமன்றம் 2002-லும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005-லும் அது வழிவழியாக அவர்களுக்கு உரிய நிலம் என்று ஏற்று, இழப்பீடு தரச் சொல்லின. அந்த வழக்கில் தலைமுறைகளின் வாய்மொழி நினைவும் சாட்சியமாக நின்றது.

வடகோல லங்காட் காப்புக்காட்டைப் பாருங்கள். 1927-ல் அறிவிக்கப்பட்டபோது 7,000 ஹெக்டேருக்கும் மேல் இருந்த அந்தக் கம்புட் காட்டில் 2020-ல் எஞ்சியது சுமார் 958 ஹெக்டேர். அதிலும் 931 ஹெக்டேரை வளர்ச்சித் திட்டத்துக்காக விடுவிக்க அந்த ஆண்டு அறிவிப்பு வந்தது. தெமுவான் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் எதிர்த்தார்கள். 2021 ஆகஸ்டில், பாதிக்கும் மேற்பட்ட காடு விடுவிக்கப்பட்டுவிட்டதாகச் சட்டமன்றத்தில் தெரியவந்தது. எதிர்ப்பு இன்னும் வலுத்தது. செப்டம்பரில் மாநில அரசு அந்த முடிவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ‘தரிசு, யாரும் இல்லாத இடம்’ என்று ஒரு நிலத்தைப் பற்றி யாராவது சொல்லும் நாளில், அங்கே வாழ்ந்தவர்களின் பேச்சு பதிவாகியிருப்பது பெரிய பலம்.

உங்கள் குடும்பத்திலும் தோட்டத்தில் பிறந்த ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கக்கூடும். அடுத்த பெருநாளுக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போய், கான் வெட்டிய கதையைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.