வாளிக்குள் ஒரு வேதியியல் பாடம்

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு, முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் வெள்ளை வெள்ளையாகத் தூவப்பட்ட பிளீச்சிங் பவுடரை எங்கள் பகுதி மக்கள் இன்னும் மறக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் சலவைத்தூள் பாடத்தை அந்த நினைவிலிருந்தே தொடங்குவது என் வழக்கம்.

இந்த ஆண்டு ஒரு மாணவி எழுந்தாள். “சார், எங்கப்பா பெருங்களத்தூர் அப்பார்ட்மென்ட்ல நீச்சல் குளத்தைப் பாத்துக்கிறார். குளோரின் தீர்ந்துட்டா வீட்டுக்கு வாங்குற பிளீச்சை ஊத்தலாமா?”

நான் உடனே விடை சொல்லவில்லை. புட்டிகளைத் திறக்காமல், மேலுறையில் உள்ளதை மட்டும் எழுதிவரச் சொன்னேன். மறுநாள் கரும்பலகையில் பட்டியல் உருவானது.

செயல்பாடு: சதவீதக் கணக்கு

10 மீ நீளம், 5 மீ அகலம், 1.2 மீ ஆழம் உள்ள குளத்தில் 60,000 லிட்டர் நீர் இருக்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் கூட்ட, 60 கிராம் தேவை. அதற்கு:

- வீட்டு பிளீச் திரவம் (5%): சுமார் 1.2 லிட்டர்
- குளத்துக்கான திரவக் குளோரின் (10%): சுமார் 600 மி.லி.
- பிளீச்சிங் பவுடர் (33%): சுமார் 180 கிராம்
- டிரைகுளோரோ ஐசோசயனூரிக் அமில மாத்திரை (90%): சுமார் 67 கிராம்

நான்கும் நீரில் ஹைப்போகுளோரஸ் அமிலத்தையே தருகின்றன. கிருமியைக் கொல்வது அதுதான். முதலிரண்டும் சோடியம் ஹைப்போகுளோரைட், செறிவுதான் வேறு. ஆகவே, வாசனைப் பொருளோ சோப்போ சேராத பிளீச் என்றால், அளவறிந்து ஊற்றலாம். ஆனால் வெயிலிலும் நாட்பட்டும் அதன் வீரியம் குறையும். பவுடர் சுண்ணாம்புக் கசடு விட்டு நீரைக் கலங்கலாக்கும். மாத்திரையோடு சேரும் சயனூரிக் அமிலம் குளோரினை வெயிலிலிருந்து காக்கும். ஆனால் அது நீரிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். அளவு மிகுந்தால் குளோரின் மந்தமாகிவிடும். நீரில் ஒரு பகுதியை மாற்றுவதே வழி.

எதிர்பாராத திருப்பம்

கணக்கு முடிந்ததும் அந்த மாணவி சொன்னாள்: “அப்பா பவுடருக்கும் மாத்திரைக்கும் ஒரே மக்குதான் சார் வெச்சிருக்கார்.”

அன்று மாலையே அவருடன் பேசினேன். “போன மாசம் வாளியில புகை வந்துச்சு சார். ஏதோ ஈரம்னு நெனச்சேன்” என்றார். பிளீச்சிங் பவுடரும் அந்த மாத்திரைத் தூளும் கலந்தால், அதிலும் ஈரம் பட்டால், நச்சுவாயு எழும். தீப்பற்றவும் வெடிக்கவும் கூடும். பிளீச்சோடு கழிப்பறை கழுவும் ஆசிட் சேர்ந்தாலும் குளோரின் வாயு வெளிவரும். விளக்கியபோது அவர் வெகுநேரம் பேசவில்லை.

பல ஆண்டுகளாகச் சமன்பாட்டை எழுதிப்போட்டு மதிப்பெண் வாங்கவைத்திருக்கிறேன். ‘கலக்காதே’ என்ற ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதியதில்லை. இப்போது பாடத்தை அதிலிருந்துதான் முடிக்கிறேன்.

வகுப்பில் வலியுறுத்த

1. ஒவ்வொரு பொருளுக்கும் தனி மக்கு, தனி வாளி, உலர்ந்த தனி இடம்.
2. நீரில்தான் மருந்தைச் சேர்க்க வேண்டும். மருந்தின் மேல் நீரை ஊற்றக் கூடாது.
3. மூக்கை நம்பாமல் சோதனைப் பெட்டியால் அளக்க வேண்டும். குடிநீரில் எஞ்சும் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.
4. செய்முறையாக எதையும் கலந்து காட்ட வேண்டாம்; மேலுறையே போதுமான பாடநூல்.

அடுத்த வாரம் அந்த மாணவி இரண்டு வண்ண மக்குகளை வரைந்து வந்தாள். நீலம் ஒன்றுக்கு, சிவப்பு மற்றொன்றுக்கு. அப்பா வாங்கிவிட்டாராம்.